அதிரசம் தொடாத மாப்பிள்ளை

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தலை தீபாவளி. உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு என் வீட்டுக்காரரோடு போயிருந்தேன். அவருக்கு வேலையே சைக்கிள் ஓட்டுவதுதான். சென்னையில் ஒரு கம்பெனி தன் பந்தய அணிக்காகவே அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. சமதரையில் சுமார்தான், மலைப்பாதை என்றால் அவரைப் பிடிக்க ஆளில்லை என்பார்கள். நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மா பார்த்துப் பார்த்து அதிரசம் சுட்டு வைத்திருந்தார். இவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "வேணாம் அத்தை, போட்டி வருது. எடை ஏறிச்சின்னா மலை ஏற முடியாது" என்றார்.

"நம்ம ஊர்ல ஏதுடி மலை? என் கையால துன்னா ஆவாதா?" என்று அம்மா என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினார். கறிக்குழம்பும் வேண்டாம், மறுசோறும் வேண்டாம். இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லியே களைத்துப்போனேன். ஒரு அதிரசத்தை விழுங்கித் தொலைத்தால்தான் என்ன என்று அவர்மேலும் எரிச்சல்.

அதோடு விட்டாரா? மறுநாள் நெல் மண்டிக்குப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றிருக்கிறார். ஒல்லியான ஆள், சாப்பிடாமல் எடை வேறு பார்க்கிறார் என்றதும், சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளைக்கு டி.பி. என்று ஊரெல்லாம் பேச்சு.

அப்பா, அதான் எங்கள் நைனா, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மறைச்சி கட்டி வெச்சிட்டாங்கம்மா. எலும்பும் தோலுமா கீறாரு. நீ இனிமே அங்க போவாத."

எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. "போட்டிக்கு வந்து பாரு நைனா, அப்புறம் சொல்லு" என்றேன். அதுவரை என்னை நிறுத்திக்கொண்டு, அவரை மட்டும் அனுப்பிவிட்டார்கள்.

போட்டியன்று ஏலகிரி மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றோம். வாட்டசாட்டமான ஆட்கள் சைக்கிளை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடி வந்தார்கள். ஒருவர் இறங்கித் தள்ளவே ஆரம்பித்துவிட்டார்.

"எங்கம்மா மாப்ள?" என்று நைனா சலித்துக்கொண்டார்.

அப்போது இவர் வந்தார். சீட்டில் உட்கார்ந்தபடியே, ஒரே சீராக மிதித்து, முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "ஏறு மாப்ள! வுடாத! ஏறு!" மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று.

உச்சியில் இவர்தான் முதல். நாங்கள் ஒரு வேனில் தொற்றிக்கொண்டு மேலே போனபோது புல்லில் உட்கார்ந்திருந்தார். "பசிக்குது மாமா" என்றார். நைனா டீக்கடைக்கு ஓடி ஒரு தட்டு நிறையப் பூரி வாங்கி வந்தார். அது தீர்ந்ததும் மறுபடி ஓடினார். "நல்லா சாப்டுங்க. அப்படியே பொண்ணையும் கையோட கூட்டிக்கினு போங்க" என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

டி.பி. என்று சொன்னவர்கள் யாரும் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் ஒருவர் செய்கிற வேலையை நேரில் போய் நின்று பார்க்காமல் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கும் அன்றிலிருந்து எனக்கு நாக்கு எழுவதில்லை.