ரெண்டு மந்திரி கையெழுத்தும் பரமேஸ்வரி அக்காவோட பாஸ்போட்டும்

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு, நாட்டுக்கு நாடு போட்ட ஒப்பந்தத்தை வாசிச்சு விளங்கப்படுத்துறது என் தொழில். கொட்டாவி விடுற முகங்களுக்கு முன்னால பேசிப் பிழைக்கிறவங்களா இருந்தா என் பாடு உங்களுக்குத் தெரியும்.

சந்தா எவ்வளவு?

மஸ்கெலியாவுல கோயில் மண்டபத்துல கூட்டம். "ரெண்டு நாட்டு மந்திரிங்களும் கையெழுத்துப் போட்ட அன்னைக்கே ஒப்பந்தம் அமுலுக்கு வந்துருச்சு. பார்லிமெண்டுல யாரும் கை தூக்க வேண்டியதில்ல"ன்னு முழங்கினேன். பாஸ்போட் உங்க கையிலதான் இருக்கணும், வருசத்துக்கொரு லீவு உண்டுன்னும் சொன்னேன்.

முன் வரிசையில பரமேஸ்வரி அக்கா மட்டும் கண் கொட்டாமக் கேட்டாங்க. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. மகளுக்கு அப்பத்தான் கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு. தலைப்பிரசவத்துக்கு ஓடி வரணும், அதுக்குப் பாஸ்போட் கையில இருக்கணும், அதுதான் அவங்க கவலை. "விளங்குச்சாக்கா?"ன்னேன். "நல்லா விளங்குது தம்பி. நம்ம தோட்டத்துச் சம்பள ஒப்பந்தம் மாதிரிதானே? கொழும்புல கையெழுத்து, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல நமக்குச் சேதி. சரி, சங்கத்துக்குச் சம்பளத்துல வெட்டுற மாதிரி இதுக்கு மாசம் எவ்வளவு சந்தா வெட்டுவாங்க?"

பேக் கடையில

பயணத்துக்குப் பேக் வாங்க ஹட்டன் டவுனுக்கு வந்த அக்காகிட்டயும் அவங்க புருசன்கிட்டயும் நான் மாட்டிக்கிட்டேன். அக்கா புருசன் விடல. "ஒருத்தரும் கை தூக்காத ஒப்பந்தம் எப்படிங்க செல்லும்? நாளைக்கு இல்லன்னுட்டா எம் பொஞ்சாதி கதி?" அதிகாரம் உள்ளவங்க போட்டா நாட்டையே கட்டுப்படுத்தும்னு நான் மூச்சுப் பிடிச்சுச் சொல்றேன், மனுசன் அசையிறதா இல்ல.

ஸிப்பை இழுத்து இழுத்துக் காட்டிக்கிட்டிருந்த கடைக்கார முஸ்லிம் அண்ணன், அந்த நானாவுக்குப் பொறுமை போயிருச்சு. "இந்தா பாருங்க, இந்த பேக்குக்கு நீங்களும் நானும் வெல பேசி முடிச்சா முடிஞ்சுதானே? அதுக்கு ஹட்டன் டவுனையே கூட்டிக் கை தூக்கச் சொல்லணுமா?"

மேடம் போடல

அக்கா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனதும், அந்த வீட்டு மேடம் பாஸ்போட்டை வாங்கி அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. லீவுக்கு நாள் வந்துச்சு, மகளுக்கும் மாசம் நெருங்கிருச்சு, பாஸ்போட் மட்டும் வரல. அக்கா போன்ல அழுதாங்க. அடிச்சுச் சொன்னது நானில்லையா! ஒப்பந்தத்துல இருக்கிறதைச் சொல்லிக் கேளுங்க, தரலைன்னா நம்ம தூதரகத்துக்குப் பேசுவோம்னேன்.

மறுநாள் அக்கா திரும்பப் போன் எடுத்தாங்க. ஒரே சிரிப்பு. பாஸ்போட் கைக்கு வந்துருச்சாம், லீவும் கிடைச்சுருச்சாம். எப்படிக்கான்னு கேட்டேன். "'அந்த ஒப்பந்தத்துல நான் கையெழுத்துப் போடலையே'ன்னு மேடம் கத்துனாங்க தம்பி. 'நானுந்தான் போடல மேடம். நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து அவங்க போட்டுட்டாங்க, என்ன செய்யிறது'ன்னேன். சிரிச்சுக்கிட்டே சாவிய எடுத்துட்டாங்க."

மந்திரிங்க கையெழுத்துப் போட்ட அன்னைக்கே ஒப்பந்தம் அமுலுக்கு வந்துருச்சுன்னு ஊர் ஊரா இன்னமும் கத்திக்கிட்டுத்தான் திரியிறேன். மனசைத் தொட்டுக் கேட்டா, அது அமுலுக்கு வந்தது பரமேஸ்வரி அக்கா வாயைத் திறந்த அன்னைக்குத்தான்.