சாவிக்காரரின் வண்டி கிளம்பவில்லை

“இது என் சொந்த வண்டிதாண்ணே. சத்தியமா.”

ஆஸ்பத்திரிக் காவலாளி எதுவும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குக் கையில் டீயோடு கார்களுக்கு நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு வெள்ளை வேனின் கதவு திறந்து கிடந்தது. அதிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குரல் ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து வந்தது.

“நான் ஒண்ணும் கேக்கலையேப்பா.”

“யாரும் வாயத் திறந்து கேக்க மாட்டாங்கண்ணே. பார்க்கிற பார்வையிலயே கேட்டுடுவாங்க.”

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் அப்படி. கார் சாவியைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் திருதிருவென்று முழிப்பவர்கள், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்கள், அவசரத்தில் சாவியை இக்னிஷனுக்குள்ளேயே ஒடித்துவிட்டவர்கள், எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருக்கிற இடத்துக்கே வேனோடு போய் நிற்பார். கதவு இடுக்கில் காற்றுப் பையைச் செருகி ஊதி, நீளக் கம்பியை உள்ளே விட்டு அவர் துழாவும்போது போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. என்ன, இன்றைக்குக் கொஞ்சம் வித்தியாசம். இன்றைக்கு அவர் சொன்னபடி இது அவருடைய வண்டியேதான்.

காவலாளி வேனின் பக்கவாட்டைப் பார்த்தார். பெரிய சாவிப் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘கார் சாவி தொலைந்ததா? கவலை வேண்டாம், வந்துகொண்டே இருக்கிறோம்’ என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே போன் நம்பர்.

“ஏம்பா, இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாரேன். வந்து சரி பண்ணிக் குடுப்பாங்களாம்.”

சிரிக்கிற நிலையில் சாவிக்காரர் இல்லை. மேலே வார்டில் மனைவி குழந்தையோடு கிளம்பித் தயாராக உட்கார்ந்திருந்தாள். “உன்னையும் நம்ம பொண்ணையும் நானே, என் வண்டியிலதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். உலகத்துல எவன் கூப்பிட்டாலும் அன்னிக்குப் போக மாட்டேன்” என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காலையில் வீட்டிலிருந்து ஒழுங்காக வந்த வண்டி, இப்போது சாவியைத் திருப்பினால் இரும மட்டும் செய்கிறது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட குட்டி விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. ஊரார் வண்டியில் அந்த விளக்கைப் பார்த்தால் அவருக்கு உற்சாகம் வரும். இன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த வாக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், குழந்தை பிறந்த அன்று அவர் பக்கத்தில் இல்லை.

அன்றைக்கு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீச்சரின் காருக்குள் தலையை விட்டிருந்தார். சாவி பாதி ஒடிந்து இக்னிஷனுக்குள் மாட்டியிருந்தது. அந்த வேலையில் அவசரப்பட்டால் ஒடிந்த துண்டு இன்னும் ஆழமாகப் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் இழுக்க வேண்டும். துண்டின் நுனி கொக்கியில் மாட்டுகிற நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். வலி வந்துவிட்டது, அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார் என்றாள். “வந்துட்டே இருக்கேன்மா,” என்றார். நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற அதே வார்த்தை. டீச்சரை நடு ரோட்டில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. முதல் பிரசவம் லேசில் ஆகாது என்று யாரோ சொன்னதையும் நம்பினார். முடித்துவிட்டு ஓடி வந்தபோது குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி மாமனார் கையில் கொடுத்திருந்தார்கள்.

“வாங்க மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “உங்க பொண்ணே உங்களுக்கு முன்னாடி வந்துட்டா.”

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மனைவி திட்டவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மூடியபடி, “அந்த டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விதான் அவரைத் தூங்க விடவில்லை.

இப்போது மாமனார் இரண்டு தோளிலும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேனை நோக்கி வந்தார்.

“என்ன மாப்பிள்ளை, வண்டிக்குப் பிரசவம் பாக்கறீங்களா?”

“ஒண்ணுமில்ல மாமா. இதோ ஆயிடுச்சு.”

“நீங்க கீழ இறங்கினதுலேருந்து இதோ ஆயிட்டேதான் இருக்கு.” பைகளை இறக்கி வைத்துவிட்டு மாமனார் போனை எடுத்தார். “நான் ஒரு டாக்ஸி சொல்லிடறேன். பொண்ணும் பேத்தியும் நம்ம வீட்டுக்கு வரட்டும், அங்க இருக்கட்டும். நீங்க ஆற அமரக் கழட்டிப் பூட்டுங்க. நடுவுல யாராவது கூப்பிட்டா அங்கயும் போயிட்டு வாங்க.”

கெட்ட மனிதர் இல்லை. பேத்தியைப் பார்த்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிச் சுவரோடுகூடச் சிரித்துப் பேசுகிறவர். ஆனால் மகள் விஷயத்தில் வாய் கொஞ்சம் நீளம். அதற்கும் ஒரு பழைய கதை உண்டு.

சாவிக்காரர் சின்ன வயதில் ஒரு பட்டறையில் கார் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மாடிப்படிக்கு அடியில் சின்னதாகக் கடை போட்டு வீட்டுச் சாவி வெட்டிக் கொடுத்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனாலோ என்னவோ இன்றைக்கும் கொஞ்சம் குனிந்துதான் நடப்பார். கார் சாவிக்குள், வண்டிக்கு அடையாளம் சொல்லும் சிப் வந்த பிறகு அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்பக்கம் சாவி வெட்டும் மெஷினைப் பொருத்தினார். வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்க, வளைவில் திரும்பும்போதெல்லாம் வேன் கலகலவென்று சிரிக்கும்.

அப்படி ஒரு நாள் கொட்டுகிற மழையில் ஒரு பெண் கூப்பிட்டாள். ரிமோட்டை அழுத்தினால் கார் திறக்கவில்லை. அவர் போய்ச் சேர்வதற்குள் தெப்பமாக நனைந்திருந்தாள். ரிமோட்டை வாங்கினார், ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினார், உள்ளேயிருந்து ஒரு இரும்புச் சாவியை உருவினார், கதவைத் திறந்தார். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

“இதப் போன்லயே சொல்லியிருக்கலாமே!” என்று பொரிந்து தள்ளினாள். “ரெண்டு கேள்வி கேட்டிருந்தா நானே திறந்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேனே. ஏன் சார் கேக்கல?”

கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது. அந்தப் பெண்தான் பிறகு மனைவியானாள். கல்யாணம் முடிந்த கையோடு தொழில் போனை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டாள். யார் கூப்பிட்டாலும் முதலில் கேள்வி, பிறகுதான் வேன். வண்டிக்குள் குழந்தையோ வயதானவரோ மாட்டியிருக்கிறார்களா? விளக்கு ஏதாவது மின்னுகிறதா? சாவி வளையத்தில் வேறு சாவி தொங்குகிறதா? அது உங்கள் வண்டிதானா, நன்றாகப் பாருங்கள்? இந்தக் கடைசிக் கேள்வியில் எத்தனையோ பேர் “ஐயோ, என் வண்டி அந்தப் பக்கம் நிக்குதுங்க” என்று போனை வைத்திருக்கிறார்கள்.

“சாவியத் தொலைச்சவ சாவியோட வீட்டுக்கு வருவா,” என்று மாமனார் கல்யாணத்தில் எல்லோரிடமும் சொன்னார். “எங்க பொண்ணு சாவிக்காரனோட வந்து நிக்கறா.”

இப்போது மாமனார் போனில் டாக்ஸி நம்பரைத் தேட, சாவிக்காரர் பரபரவென்று வேலை செய்தார். பேட்டரியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சோதிக்கும் கருவியை மாட்டினார். ‘சாவி தெரியவில்லை’ என்றது. தெரியவில்லையா? கையில் இருக்கிறதே! சாவித் துளையைச் சுற்றி ஒரு செப்புக் கம்பி வளையம் உண்டு. சாவியில் இருக்கிற சிப்பிடம் ‘நீ யார்’ என்று கேட்பது அதுதான். அது போய்விட்டது என்று முடிவு கட்டினார். புது வளையம் வேண்டுமென்றால் வாங்கத்தான் போக வேண்டும். ஸ்டியரிங் மூடியின் கடைசி ஸ்குரூவையும் கழற்றினார். வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் செய்தார்.

“எங்க இருக்கீங்க?”

“கீழதாம்மா இருக்கேன். வண்டி... கிளம்பல.”

குழந்தை மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. போச்சு, என்று நினைத்தார். ஆனால் அந்தப் பக்கம் குரல் மாறியது. வெயிலில் நின்று கத்துகிறவர்களைக்கூடச் சாந்தப்படுத்துகிற அந்தத் தொழில் குரல்.

“பயப்படாதீங்க சார். வண்டிக்குள்ள குழந்தையோ வயசானவங்களோ மாட்டியிருக்காங்களா?”

“ஏய், விளையாடாத. உங்கப்பா டாக்ஸி கூப்பிடறார்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்.”

“...வயசானவர் வெளிய நிக்கறார்.”

“யாரு வயசானவர்?” என்றார் மாமனார்.

“விளக்கு ஏதாவது மின்னுதா சார்?”

“சாவி விளக்கு மின்னுது. செப்பு வளையம் போச்சும்மா, வேற ஒண்ணும் இல்ல.”

“அத நாங்க பார்த்துக்கறோம் சார். சாவி வளையத்துல வேற சாவி ஏதாவது தொங்குதா?”

“வீட்டுச் சாவி. அதுல சிப் கிடையாது. அப்புறம் அந்தச் சின்னத் தோல் பை.”

“பையில என்ன?”

சாவிக்காரர் பையைத் திறந்து பார்த்தார். உள்ளேயிருந்து மஞ்சள் ரிப்பன் எட்டிப் பார்த்தது.

அந்தப் பையில் இன்னொரு வேன் சாவி இருந்தது. காலையில் எழுந்து, புதுச் சாவி வெட்டி, சிப்பை வேனுக்குப் பழக்கி, அதன் தலையில் மஞ்சள் ரிப்பன் கட்டி, மனைவிக்கென்று அவர் செய்த சாவி. குழந்தையோடு அவள் இனி யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, வேண்டும் என்கிறபோது அவளே வண்டியை எடுக்கட்டும் என்று நினைத்தார். வரும்போது சட்டைப் பையில்தான் இருந்தது. படியேறும்போது விழுந்துவிடப் போகிறதே என்று தோல் பைக்குள் போட்டு, தன் சாவியோடு தொங்கவிட்டார். மேலே போய்க் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் சுத்தமாக மறந்துபோனது.

“ரெண்டு சிப்ப ஒண்ணா மாட்டாதீங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா யார் என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குப் புரியுமா? வண்டிக்கும் அப்படித்தான்” என்று வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பாடம் எடுக்கிறவர் அவர்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இன்னொரு சாவிம்மா. உனக்குன்னு செஞ்சேன். அப்புறமா குடுக்கலாம்னு...”

அந்தப் பக்கம் அவள் குழந்தையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. பிறகு தொழில் குரல் திரும்பி வந்தது.

“எதையும் தொடாதீங்க சார். எங்க ஆளு வந்துட்டே இருக்காங்க.”

நர்ஸ் சக்கர நாற்காலியில் அவளைக் கூட்டி வருவதற்குள் சாவிக்காரர் ஸ்டியரிங் மூடியைத் திரும்பப் பொருத்தி முடித்தார். அவள் மெல்ல எழுந்தாள். குழந்தையைத் தன் அப்பாவிடம் நீட்டினாள். மாமனார் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு முழித்தார். டாக்ஸிக்காரன் “எங்க சார் வரணும், எங்க சார் வரணும்” என்று அதிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். பேத்தியா டாக்ஸியா என்று வந்தபோது போன் நர்ஸ் கைக்குப் போனது.

சாவிக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் சாவியை அவர் திருப்ப மாட்டார். வண்டிக்காரர் கையில் கொடுத்து, “நீங்களே திருப்புங்க” என்பார். மஞ்சள் ரிப்பன் சாவியை மட்டும் எடுத்து நீட்டினார். தன் சாவிக் கொத்தைக் காவலாளியிடம் கொடுத்து, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே” என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்து திருப்பினாள். குட்டி விளக்கு அணைந்தது. வேன் உறுமியது, பின்பக்கம் அத்தனை சாவிகளும் கலகலவென்று ஆடின. குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

“பார்த்தீங்களா, அப்பன் வண்டிச் சத்தத்துக்கு மகள் பதில் சொல்றா,” என்றார் மாமனார். குரலில் குத்தல் இல்லை.

அவள் பின்சீட்டுக்கு மாறினாள். சாவிக் கொத்து காவலாளியிடமிருந்து சாவிக்காரரின் சட்டைப் பைக்குத் திரும்பியது. குழந்தையை அதன் இருக்கையில் வைத்துப் பட்டையைச் சாவிக்காரர் தன் கையால் மாட்டினார், கழற்றினார், சரி பார்த்து மறுபடி மாட்டினார். டாக்ஸியும் வந்தது. அதில் மாமனாரும் பைகளும் ஏறினார்கள். “அந்த வேன் பின்னாடியே போப்பா. அதுல என் பேத்தி போறா” என்று அவர் சொன்னது வேன்வரைக்கும் கேட்டது. வழியெல்லாம் சாவிக்காரர் அப்படி மெதுவாக ஓட்டினார், சைக்கிள்காரர்கள்கூடத் தாண்டிப் போனார்கள். தோல் பை வீட்டுக் குப்பைக் கூடைக்குப் போனது.

சில நாள் கழித்து ஒரு காலையில் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். சமையலறை மேஜையில் தொழில் போன் அடித்தது. சாவிக்காரர் எடுத்தார். யாரோ சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அவசரம் அவசரம் என்று கத்தினார்கள். உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொண்டார், யாரும் இல்லை. அதற்குள் தொட்டிலில் சிணுங்கல் தொடங்கி, அழுகையாக ஏறியது. வேன் சாவியை எடுத்த கை அதை மேஜைமேலேயே வைத்தது.

“கொஞ்சம் நிழல்ல நில்லுங்க சார், வந்துடறேன்,” என்றார் தொட்டிலை நோக்கி நடந்தபடி. “உங்களுக்கு முன்னாடியே இன்னொருத்தங்க கூப்பிட்டுட்டாங்க.”