பனியில் இறங்கிய கறுப்புத் துணிகள்

துணி வாங்கப் போனது நான்தான். அதை முதலில் சொல்லாவிட்டால் மறுபடியும் பூசி மெழுகியதாகிவிடும். பத்து வருடத்துக்கு மேல் மெழுகியது போதும்.

2011ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். மெல்பேர்னுக்கு வடக்கே, கிரெய்கிபர்னில் எங்கள் வீடு. நான் வேலை செய்த சிறிய நிறுவனம் ஆளில்லா விமானங்களில் கமரா பூட்டி, நிலத்தைப் படமெடுத்து வரைபடமாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. குவாரிகள், கோதுமை வயல்கள் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று அன்டார்டிக்காவில் ஒரு பனிவெளியை அளக்கும் வேலை வந்தது. ஒரு கோடையில் ஒருமுறை, அடுத்த கோடையில் இன்னொருமுறை பறந்து, இடையில் பனியின் மேற்பரப்பு ஏறியதா இறங்கியதா என்று சொல்ல வேண்டும். படங்களைக் கணினியில் பொருத்தி உயரத்தைக் கணக்கிடுவது என் பொறுப்பு. அங்கே போய் விமானத்தைப் பறக்கவிடுவது ஒரு மதுரைக்காரனின் பொறுப்பு.

அவனை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். என்னைவிட ஆறு வயது இளையவன், வாய்க்கு வாய் "அண்ணே" என்பான். அவனுடைய விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுவனம் கைவிட்டால் விசாவும் போய்விடும். பனி வேலை இரண்டு கோடையும் ஒழுங்காக முடிந்தால் அவனுடைய பிஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிட உரிமைக்கு, தானே எழுதித் தருவதாக எங்கள் மனேஜர் சொல்லியிருந்தார். மனைவி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தாள். அவள் பிள்ளையோடு வரும்போது இருக்கட்டும் என்று எங்கள் தெருவிலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான்.

அவனுடைய குணத்துக்கு ஒன்று சொல்கிறேன். புறப்படுமுன் எங்கள் வீட்டுக்கு வடக்கே உள்ள வெளியில் விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தோம். என் மனைவியையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் வன்னியில் வளர்ந்தவள். அங்கே போர்க்காலத்தில் மேலே சுற்றும் வேவு விமானத்தை "வண்டு" என்பார்கள். வண்டு சுற்றினால் பின்னால் குண்டு வரும். எங்கள் விமானம் ரீங்காரத்தோடு மேலெழுந்ததும் அவள் காரோடு ஒட்டிக் குந்திவிட்டாள். எனக்கு ஒரு கணம் எதுவுமே புரியவில்லை. அவன் பார்த்த உடனே விமானத்தை இறக்கிவிட்டான். "ஸாரிக்கா, எனக்குத் தெரியாது" என்றான். பிறகு ஒருநாளும் அவள் இருக்கும் பக்கத்தில் அதைக் கிளப்பியதில்லை.

சரி, துணி. பனிவெளி முழுக்க ஒரே வெள்ளை. மேலிருந்து எடுக்கும் படங்களுக்கு அடையாளம் வேண்டும். அதற்காகப் பனியின் மேல் சதுரத் துணிகளை விரித்து, ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் ஜிபிஎஸ்ஸால் அளந்து வைப்போம். பிறகு பறந்து படமெடுத்தால், அந்தத் துணிகளை வைத்துத்தான் கணினி முழு வெளியின் உயரத்தையும் கணக்கிடும். வெளிநாட்டில் சொல்லி வைத்த மெல்லிய ஆரஞ்சுத் துணிகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஹோபார்ட்டிலிருந்து கப்பல் புறப்பட இன்னும் ஒரு கிழமைதான், ஏழே நாள்தான், இருந்தது. நான் கடைக்குப் போய் நல்ல தடித்த கறுப்புத் துணி வாங்கிவந்தேன். என் மனைவி சாப்பாட்டு மேசையில் தையல் மெசினை வைத்து, வெள்ளைச் சிலுவை போட்டுப் பதினாறு சதுரங்கள் தைத்து முடித்தாள்.

அவற்றை எடுத்துப்போக வந்தவன் துணியைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, கறுப்பு வெயிலை இழுக்குமே. பனி உருகிடாதா?"

"ஐசே, நீர் போறது மதுரைக்கோ? அங்கை மூக்கே உறைஞ்சு விழும். துணிக்கு என்ன, காய்ச்சலே வரப்போகுது?"

என் மனைவி சிரித்தாள். அவனும் சிரித்தான். எனக்கு அந்த வாய்க்கொழுப்பு அப்போது பெருமையாக இருந்தது. குவாரிகளில் எத்தனையோ தடவை கறுப்புத் துணி விரித்தவன் நான், எனக்கு வகுப்பெடுக்கிறானா என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது. அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்தான்.

அங்கே போய்த் துணிகளை விரித்து அளந்தான். அதற்குப் பிறகு காற்று விடவில்லை. பறக்கத்தான் முடியவில்லையே தவிர, வெயில் இரவும் பகலும் எறித்திருக்கிறது. அங்கே கோடையில் சூரியன் மறைவதில்லை. ஏழாம் நாள்தான் விமானம் ஏறியது. பறந்து முடித்து, துணிகளைப் பொறுக்கப் போனவன் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். கூடவே ஒரு படம். பனியில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு சதுரக் குழி. அடியில் கறுப்புத் துணி. அவனுடைய கை முழங்கை வரை அதற்குள் இருந்தது.

"அண்ணே, எல்லாத் துணியும் இப்படித்தான் இறங்கியிருக்கு. நாளைக்குக் கப்பல். இருந்தாலும் இன்னைக்கு ராவெல்லாம் நின்னு ஒவ்வொரு குழியையும் அளந்துட்டு வந்துடவா?"

நான் அப்போது வேறொரு குவாரி வேலையில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தேன். "வேண்டாம், கப்பலை விட்டுடாதையும். இங்கை நான் சரிப்படுத்திறன்" என்று எழுதிவிட்டேன். சரிப்படுத்தினேனா? இல்லை. மறந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. இரண்டு மாதம் கழித்து அந்தப் படங்களைக் கையிலெடுத்தபோது ஞாபகம் வரத்தான் செய்தது. ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் குழியின் நிழல் தெரிந்தது. அதைத் திருத்தப் போனால் கறுப்புத் துணியின் கதையை எழுத வேண்டும். இவ்வளவுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். படத்தில் துணி குழிக்குள் கிடக்கிறது. விரித்த அன்று எடுத்த அளவிலோ துணி மேலே இருக்கிறது. கணினி துணியை அளவின் உயரத்துக்குத் தூக்கியது. துணியோடு சேர்ந்து பனிவெளி முழுவதும் ஒரு முழம் மேலே போய்விட்டது.

அடுத்த கோடையில் ஆரஞ்சுத் துணிகளோடு போய்ப் பறந்துவிட்டு வந்தான். அந்த அளவுகள் சரியாக இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டபோது, ஒரே வருடத்தில் முழு வெளியும் ஒரு முழம் இறங்கியதாக என் வரைபடம் சொன்னது. வேலை கொடுத்தவர்கள் பதறிப்போனார்கள். பிறகு தாங்கள் பனியில் நட்டிருந்த மூங்கில் கழிகளைப் பார்த்தார்கள். கழிகளின்படி பனி அநேகமாக இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கள் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2013 தொடக்கத்தில் மனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். துணி விரித்த மறுநாளே பறக்க வேண்டும் என்பதல்லவா முறை, முதல் வருடம் எத்தனை நாள் கழித்துப் பறந்தது?

"ஆறு நாள்" என்றேன்.

பொய்யில்லை. அவ்வளவும் உண்மை. மதுரைக்காரன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் மேசையில் இருந்த பேனையைப் பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அது எதற்கான காத்திருப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாய்க்குள் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? பிறகு அவன் மெதுவாக, "ஆமா, ஆறு நாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். மனேஜர் குறித்துக்கொண்டார். பிழை, தாமதித்துப் பறந்தவனுடையது என்றாகிவிட்டது.

அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பிஆர் பேச்சும் அதோடு முடிந்தது. வேறு நிறுவனம் தேடினான். கிடைத்த அவகாசத்துக்குள் யாரும் அகப்படவில்லை. அதற்கிடையில் நான் புதிய வேலைமுறை ஒன்றை எழுதிக் கொடுத்தேன்: கறுப்புத் துணி கூடாது, பறந்து முடித்ததும் மறுபடி அளக்க வேண்டும். நல்ல வேலை என்று மனேஜர் என்னைப் பாராட்டினார். சீ, அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

அப்போது அவனுடைய மனைவியும் பிள்ளையும் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண்குழந்தை நடக்கப் பழகியதே எங்கள் குசினியில், கதிரைகளைப் பிடித்துக்கொண்டுதான். அவர்கள் ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் அவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். என் மனைவிக்கு எதுவும் தெரியாது.

"தம்பி, நான் தைச்ச துணி வடிவா வேலை செய்ததோ?" என்று கேட்டாள்.

"ஒரு நூல் பிரியலக்கா. அந்தக் காத்துல மத்ததெல்லாம் பறந்திருக்கும்" என்றான் அவன்.

மறுநாள் நான்தான் விமான நிலையத்துக்குக் காரோட்டினேன். பெட்டிகளைக் கொடுத்தாயிற்று. அவன் மனைவி குழந்தைக்குப் பால் கலக்கப் போனாள். நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். இனியும் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"தம்பி, அண்டைக்கு அந்த மீட்டிங்கிலை நான் சொல்லியிருக்கவேணும்."

"சொல்லுவீங்கன்னு நெனச்சுதாண்ணே நான் பேசாம இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தப் போட்டோ எங்கிட்டயும் இருந்துச்சு. ஆனா நான் காட்டினா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே சொன்னா கௌரவமா இருக்கும்னு பார்த்தேன்."

அவன் மனைவி குழந்தையோடு வந்துவிட்டாள். குழந்தை என்னிடம் தாவியது. வாங்கி ஒரு தடவை கொஞ்சிவிட்டுக் கொடுத்தேன். "போயிட்டு வர்றோம்ணே" என்றான் அவன். மூவரும் உள்ளே போனார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் இருந்தேன். விமானம் ஏற இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. மனேஜரின் இலக்கம் போனில் இருந்தது; அந்த மின்னஞ்சலும் படமும் இருந்தன. ஒரு அழைப்பு. அவ்வளவுதான். இலக்கத்தை எடுத்தேன். பிறகு நாளைக்கு அலுவலகத்தில் நேரிலேயே சொல்லிவிடுவோம் என்று போனைப் பையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனேன். மறுநாளும் நான் சொல்லவில்லை.