அண்ணன் எழுதி அழித்த முகம்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். "டீச்சராச்சே நீ, நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்று சித்தப்பா சொன்னார்கள். எழுதுகிறேன். நல்ல வார்த்தையா இல்லையா என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

அண்ணன் பிறந்தது ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் பூர்வீக ஊரில். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பாவும் ஆத்தாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு நான்கு வயது. கடலைக் கொல்லையைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார்கள். எங்களையும் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று, புதுக்கோட்டையில் போர்டு எழுதும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயம் அது. போர்டுகளில் பழைய பெயரை அழித்துப் புதுப்பெயர் எழுத ஆள் போதவில்லை. அப்படித்தான் தூரிகை அவர் கைக்கு வந்தது.

சில வருஷங்களில், ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு, மேடையில் தொங்கும் படுதா எழுதப் போனார். அரண்மனை, காடு, வீதி எல்லாம் அவர் கைதான். "கூத்தாடிப் பயலுகளோட சேந்துட்டான்" என்று நம் வீட்டு விசேஷங்களில் அவரைப் பந்தியின் கடைசியில் உட்கார வைத்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். அதே ஆட்கள்தான் நாடகத்துக்கு ஓசியில் முன்வரிசை கேட்டு அவரிடம் வந்து நின்றதும். மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

படம் வேறு, படுதா வேறு என்பார் அண்ணன். ஒருமுறை வீதிப் படுதாவில் கடைசி வீட்டைத் தூரத்தில் இருப்பதுபோலச் சின்னதாக எழுதியிருந்தார். ராஜா வேஷக்காரர் வசனம் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து அந்த வீட்டை ஒட்டிப் போய் நின்றுவிட்டார். கூரைக்கு மேலே கிரீடம்! கொட்டகையே சிரித்துவிட்டது. மறுநாள் அண்ணன் மேடையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, "இதைத் தாண்டிப் போகாதீங்கண்ணே. தாண்டுனா என் வீதியும் பொய்யாப் போகும், ஒங்க ராஜாவும் பொய்யாப் போகும்" என்றாராம். வண்ணமும் அப்படியே. காஸ் லைட் வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும் என்பதால் கன்னத்தை ரத்தச் சிவப்பாகத் தீட்டுவார். பகலில் கிட்டத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். விளக்கு வைத்துத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் உயிரோடு இருக்கும்.

எனக்குப் பதினாறு வயதில் கம்பெனி முதலாளி புது முன்படுதா கேட்டார். மணி அடித்து நாடகம் தொடங்கும்வரை ஜனங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். கைகூப்பி வரவேற்கும் ஒரு பெண் வேண்டும் என்றாராம். எங்கள் கடலைக் களத்தில் காடாத் துணியை விரித்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பொடி வண்ணத்தைக் கலந்து அண்ணன் எழுதினார். நான் ஓரமாக உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருப்பேன். நில் என்று சொன்னதில்லை, இந்தப் பக்கம் திரும்பு என்றும் சொன்னதில்லை. படுதாவை மூங்கிலில் தூக்கிக் கட்டிய அன்றுதான் பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்கு நான் நின்றேன்.

பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அவ்வளவு பெருமையாக இருந்தது. என்னை அதுவரை யாரும் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.

அந்தப் படுதாவுக்கு எங்கு போனாலும் கைதட்டல். அதில் ஒருவருக்கு மட்டும் வயிற்றெரிச்சல். கதாநாயகி வேஷம் கட்டும் நடிகர் அவர். ஆண்தானே. அண்ணனிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "அரை மணி நேரம் அந்தப் பொண்ணைப் பாத்துப்புட்டு, அப்புறம் சவரம் பண்ணுன என் மூஞ்சியப் பாத்தா எவன்யா பொம்பளைன்னு நம்புவான்?" அண்ணன் ஊருக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த கடைசி நாட்கள் அவை.

அப்போது எனக்குக் கீரனூர்ப் பக்கத்தில் சம்பந்தம் பேசிப் பூ வைத்திருந்தார்கள். கம்பெனியும் அந்தச் சமயம் கீரனூரில் கொட்டகை போட்டது. ஒரு நாள் காலையில் படுதாவை வெயிலில் உலர்த்தியிருந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் அவ்வழியே போயிருக்கிறார். பட்டப்பகலில், கன்னமெல்லாம் சிவந்த என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார். போதாதா? மறுநாள் பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அண்ணனும் அன்று ஊருக்கு வந்திருந்தார்.

"எங்க ஊரு பூராவும் பொண்ணைப் பாத்துருச்சுங்க. இனிமே நாங்க என்னத்தப் பாக்குறது?" என்றார் தாய்மாமன்.

"அது வெறும் படந்தாங்க" என்றார் அண்ணன்.

"வெறும் படத்துக்கு எதுக்குங்க அம்புட்டு அரிதாரம்? பொண்ணு நாடகத்துல ஆடுதான்னு கேக்குறாங்க. நாங்க என்ன பதில் சொல்ல?"

அவர்கள் போனதும் சித்தப்பா அண்ணனைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "போயி அதை அழிச்சுட்டு இங்கிட்டு வா. இல்லேன்னா வராத."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் கல்யாணம், என் முகம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வஜ்ஜிரத்தில் கலந்த வண்ணம் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழந்துணி. கீரனூரில் மத்தியானத்துக்குள் முகம் போய்விட்டது. கழுத்து இருந்தது, கூப்பிய கை இருந்தது. "மூஞ்சியில்லாத பொம்பளைய வச்சு நான் யாரைய்யா வரவேக்கிறது?" என்று முதலாளி அண்ணனை அன்றே அனுப்பிவிட்டார். அங்கே அழுதது கதாநாயகி வேஷக்காரர் ஒருவர்தானாம்.

அழித்த பிறகாவது மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களா? "இருந்தது இருந்ததுதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அதன்பின் என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையை யார் யார் முந்திக்கொண்டு சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். நினைவு மலரில் அதையெல்லாம் எழுதக் கூடாது என்பதால் விடுகிறேன்.

அண்ணன் மறுபடி போர்டு எழுதப் போனார். கடைப் பெயர், பஸ்ஸில் ஊர்ப் பெயர், அவ்வளவுதான். பால்கடைக்காரர் ஒரு பசுமாடு போடச் சொன்னதற்குக்கூட, "எழுத்து மட்டுந்தாங்க" என்றுவிட்டார். தானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். எனக்கு வேலை கிடைத்த பிறகு நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் தனியாக வீடு பார்த்துக்கொண்டோம். பொறுமைசாலி, கடுஞ்சொல் பேசாதவர் என்று நீங்கள் அவரைப் புகழ்கிறீர்கள். உண்மைதான். அன்றைக்கு ஒரே ஒரு கடுஞ்சொல் பேசியிருக்கலாம்.

நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன் மொகத்தை எழுதிப்புட்டேன் தாயி. அதுதான் ஒனக்கு வெனையாப் போச்சு. மன்னிச்சுரு."

"எழுதுனதுக்கு எதுக்குண்ணே மன்னிப்பு? அழிச்சதுக்குக் கேளுங்க" என்றேன்.

அதற்கு அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். சாகக் கிடந்தவரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பாதி நாள் தோன்றுகிறது. மீதி நாள் தோன்றவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உடனிருந்த போர்டுக்கடைத் தோழர்களுக்கு நன்றி. செய்தி கேட்டதும் அத்தனை தூரம் பஸ் ஏறி வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, கீரனூரில் அன்று நடந்ததை எனக்குச் சொல்லி மறுபடியும் அழுத அந்தக் கதாநாயகி வேஷக்கார அண்ணாருக்கு என் முதல் நன்றி. சாப்பாட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்த மற்ற எல்லோருக்கும் நன்றி.

இம்மலரில் போட அண்ணனின் படம் ஒன்றுதான் இருந்தது. எனக்கு வேலை கிடைத்த அன்று ஸ்டுடியோவில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று எடுத்தது. "பொம்பளைப் படம் எதுக்கு? வெட்டிட்டு அவனை மட்டும் போடச் சொல்லு" என்றார்கள் சித்தப்பா. அச்சகத்துக்கு நான்தான் போனேன். முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்பது நான். இந்த முறை என்னைக் கேட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.