மலை சுற்றிப் படித்த இங்கிலீஷ்

தொண்ணூறாம் வருஷம் பாஞ்சாலை பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டாள். திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல இருந்தன. அவள் அப்பா சின்னசாமி மாமா கொல்லை வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

"அக்டோபர்ல இன்னொரு தடவ எழுது. அப்பவும் போச்சுன்னா, தையில சக்திவேலுக்குக் கட்டி வச்சுடுவேன்."

சக்திவேல் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாஞ்சாலைக்குக் கிராம நர்ஸ் ஆக வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பத்தாவது பாஸ் வேண்டும்.

நான் பாஸாகியிருந்ததால் பாடம் சொல்லித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கோ பொறுமை கம்மி. அவள் புத்தகத்தைத் திறந்தாலே மாட்டுக்குத் தண்ணி காட்டக் கூப்பிடுவார்கள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருப்பதாக அப்பாவிடம் சொன்னாள். அண்ணாமலையாரைச் சொன்னால் மாமா வாயைத் திறப்பாரா?

துணைக்கு நான் என்று சொல்லி, விடிந்ததும் கிளம்புவோம். இப்போது போல் அப்போது வழியெல்லாம் கடை கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரம், காலடியில் செம்மண். வழியில் வரும் ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரை ஒரே இங்கிலீஷ் விகுதியைச் சொல்லிக்கொண்டே நடப்போம். வாயு லிங்கம் தாண்டியதும் 'நெஸ்': டார்க், டார்க்னெஸ், கைண்ட், கைண்ட்னெஸ். குபேர லிங்கம் தாண்டியதும் 'ஷன்': ஆக்ட், ஆக்‌ஷன். முன்னால் போன அம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்து, "இன்னா மந்திரம்மா அது?" என்று கேட்டாள்.

"பாஸாகற மந்திரங்க" என்றாள் பாஞ்சாலை, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆனால் எது பெயர்ச்சொல், எது பெயரடை என்று கேட்டால் விழிப்பாள். ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "மண்டையில களிமண்ணாடி இருக்குது? போய் சக்திவேலுக்குச் சோறாக்கிப் போடு" என்று கத்திவிட்டேன். ஈசான்ய லிங்கத்துக்கு எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அவள்தான் முதலில் பேசினாள். "அருணா, அழகு. அழகான. அழகா. ப்யூட்டி, ப்யூட்டிஃபுல், ப்யூட்டிஃபுல்லி. நாம பேசறதுலயும் இதேதான் இருக்குது, இல்ல?"

அடிப்பாவி, பள்ளிக்கூடத்தில் எனக்குக்கூடத் தோன்றாத விஷயம். அன்றைக்கு மிச்ச வழியெல்லாம் கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துப் போட்டு இங்கிலீஷாக்கினோம். வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டிவிட்டது. அந்த மாதிரிச் சந்தோஷம் எனக்கு அப்புறம் ஜாஸ்தி வாய்க்கவில்லை.

அக்டோபரில் எழுதினாள். ரிசல்ட் பேப்பரில் அவள் நம்பர் இருந்தது. சொன்ன சொல் தவறாத மனுஷன் மாமா. சக்திவேல் பேச்சை அதோடு விட்டார். மறு வருஷம் அவளுக்கு வேலூரில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு இறங்கி வந்த மாமா, துண்டால் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் மெல்லச் சொன்னார்.

"நீ சொல்லிக்குடுக்காம இருந்திருந்தா நம்ம தெருவுலயே இருந்திருப்பா."

"தெரியும் மாமா" என்றேன்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அவள் முகமெல்லாம் சிரிப்பு. நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஓவென்று அழுதேன்.