மாமாவுக்குத் தெரியாத தோட்டவேலை

செடிகொடி விஷயத்தில் என் தாய்மாமாவைப் போல ஒரு மக்கு இராயபுரத்திலேயே கிடையாது என்று சிறுவயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். நம்பும்படிதான் அவரும் நடந்துகொண்டார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு வாதாம் மரம் இருந்தது. அதன் தாழ்ந்த கிளையில்தான் தம்பிப் பாப்பாவுக்குத் தூளி கட்டுவார்கள். ஒரு மழைக்காலத்தில் பாப்பா காய்ச்சல் கண்டு இறந்துபோனான். கொஞ்ச நாளில் அடித்த புயலில் மரமும் முறிந்தது. அக்கம்பக்கத்தார் விறகுக்கு வெட்டிக்கொண்டு போனது போக, என் இடுப்பு உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை மிஞ்சியது. நடுவில் உளுத்துப்போய் அண்டா மாதிரி குழிந்திருந்தது.

அம்மா பின்கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் திறக்கவே இல்லை. பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது எல்லாம் உள்ளேயே. மாதா கோயிலுக்குப் போவதும் நின்றது. என்னிடம்கூட "துன்னியா?" என்பதோடு சரி. கண்ணெதிரே நிற்கும் அந்தக் கட்டையைப் பெயர்த்துவிட்டால் அவள் சரியாகிவிடுவாள் என்று அப்பா நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடப்பாரையோடு போராடினார். வேர் சுவருக்கு அடியில் ஓடியிருந்தது. இன்னும் தோண்டினால் கட்டை வருகிறதோ இல்லையோ, வீடு வந்துவிடும் போலிருந்தது. விட்டுவிட்டார்.

பொங்கல் முடிந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு இளையவர், ஹார்பரில் கப்பல் சரக்கு இறக்குகிறவர், கல்யாணம் ஆகாதவர். வந்ததும் பின்பக்கம் போய்க் கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இத்தப் பூந்தொட்டி ஆக்கிரலாம்" என்றார். மறுநாளே காசிமேட்டுக் கரையிலிருந்து ஒரு சாக்கு கடல் மணலைச் சுமந்துகொண்டு வந்து குழியில் கொட்டினார். அதில் ஒரு கனகாம்பர நாற்றை நட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"இன்னாடா பண்ணிகினு கீற? உப்பு மணல்ல செடி வருமாடா?"

அம்மாவின் குரல் அவ்வளவு சத்தமாக எழுந்து வெகுநாளாகியிருந்தது.

"மண்ணுன்னா எல்லாம் ஒண்ணுதானக்கா" என்றார் மாமா.

"உன் மூஞ்சி" என்று ஜன்னல் சாத்திக்கொண்டது.

நாற்று கருகியது. மாமா அசரவில்லை. மணலை வாரிக் கொட்டிவிட்டுச் செம்மண் நிரப்பினார். செடிக்கு உரம் வேண்டும் என்று, மீன் வெட்டுகிறவர்களிடம் ஒரு கூடை மீன்குடலை வாங்கி வந்து, புது நாற்றைச் சுற்றி மேலாகப் பரப்பி வைத்தார். இராயபுரத்துப் பூனைகள் அத்தனையும் எங்கள் வீட்டில் கூடிவிட்டன. காக்கைகள் வேறு. நாற்றம் தாங்காமல் அடுத்த வீட்டுக்காரம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினார். மாமா பூனைகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. அம்மா துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். பூனைகளை விரட்டிவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"கூறு கீதாடா உனக்கு? குடலை அடியில போட்டு மேல மண்ண மூடணும்டா. தண்ணி வடிய ஓட்டை எங்க?"

"ஓட்டை வேற போடணுமா? எந்தப் பக்கம்க்கா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடப்பாரையை எடுத்து, கட்டையின் அடிப்பக்கம் தானே துளை போட்டாள். கையை முழங்கை வரை மண்ணுக்குள் விட்டுக் கிளறினாள். குடலை அடியில் புதைத்து, சாணிப்பொடி தூவி, நடுவில் கனகாம்பரமும் விளிம்பைச் சுற்றிப் பட்டுரோஜாவும் வைத்தாள். மாமா பக்கத்தில் நின்று ஒன்றுக்கும் உதவாத கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் திட்டிக்கொண்டே வந்தவள், திடீரென்று கட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பாப்பா போன பிறகு அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான். மாமா கேள்விகளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார்.

அதன்பின் தினமும் காலையில் தண்ணீர் ஊற்ற அம்மா வெளியே வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கொடுத்தாள். என் தலையைப் பின்னிவிடவும் நேரம் வந்தது. அந்த உப்பு மணலுக்கும் மீன்குடலுக்கும் நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அன்றைக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. இப்படி ஒரு மாமாவா என்று வெட்கமாகத்தான் இருந்தது.

கனகாம்பரம் பூத்தபோது, அம்மா கட்டையருகே உட்கார்ந்து தொடுத்தாள். பாப்பாவின் கல்லறைக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மீதியை என் பின்னலில் செருகினாள். அப்போது கேட்டேன்.

"மாமாவுக்கு ஏம்மா ஒண்ணுமே தெரில?"

"யாரு, அவனுக்கா?" என்றாள் அம்மா. "எங்கம்மா வூட்ல தோட்டம் மொத்தமும் அவன் வெச்சதுதான். எனக்கே அவந்தான் சொல்லிக் குடுத்தான்."

சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

எனக்குக் கவலையாகிவிட்டது. அவ்வளவும் தெரிந்தவர் இப்படி அடியோடு மறந்துபோயிருக்கிறாரே. அன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது, மாமாவுக்கு ஞாபகசக்தி திரும்பி வரவேண்டும் என்று மாதாவிடம் உருகி வேண்டிக்கொண்டேன்.