பிரிங்மானின் தோட்டத்துக் கணவாய்

சுந்தரேஸ்வரிக்கு ஜெர்மனியின் எசன் நகரத்தில் மதிக்கத்தக்க பொருள் என்று ஒன்றும் அகப்படவில்லை. ரொட்டி கல்லு, தக்காளி வெறும் தண்ணி. மீன்கடையில் பனிக்கட்டி மேல் கிடப்பவை செத்து மூன்று திவசம் கண்டவை. யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரையில் மீன் ஏலம் கூறுகிற இடத்திலேயே நடை பழகியவள் அவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறவர்களை மனிதரில் சேர்ப்பதில்லை. புருஷன் அரியரத்தினத்தைச் சேர்த்திருந்தாளோ என்பதும் சந்தேகம்தான்.

அரியரத்தினம் பயந்த மனுசன். தபால்காரன் மணியடித்தாலே சட்டைப் பொத்தானைப் பூட்டுவார். அவர்களுடைய அகதி அன்ட்ராக் என்கிற தஞ்ச மனு இரண்டு தரம் தள்ளுபடியாகி, இப்போதைக்கு இருந்துகொள்ளலாம் என்ற ஒரு கடதாசியில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் அகதி முகாமில், அடுத்த குடும்பத்துக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு போர்வையைத் தொங்கவிட்டு வாழ்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரிங்மான் என்ற கிழவரின் மேல்மாடியில் இரண்டு அறை கிடைத்தது. அதை விட்டால் திரும்பவும் முகாம்தான்.

பிரிங்மான் சுரங்கத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். மேய்க்க ஆளில்லாமல் போனதால் தோட்டத்தை மேய்த்தார். புல் ஓர் அங்குலம் கூடினால் அவருக்கு நித்திரை வராது. 1987 வசந்தத்தில் ரோசாச் செடிகளின் அடியில் மரப்பட்டைத் தூளை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார். களையே வராதாம். களை வரவில்லைத்தான். செப்டம்பரில் வேறொன்று வந்தது.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை பட்டைத் தூளுக்கு மேலே சிவப்பாக, கைகளை விரித்துக்கொண்டு, உடம்பெல்லாம் கறுப்புச் சளியோடு ஒன்று கிடந்தது. இலையான் மொய்த்தது. பிரிங்மான் அதைப் பார்த்தார். நிமிர்ந்து மேல்மாடிக் குசினி ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பெரிய மூளைக்கு அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை.

"நீங்கள் தின்னும் கணவாய் மீனை என் ரோசாவுக்குள் வீசியிருக்கிறீர்கள்," என்று அரியரத்தினத்தைப் படியில் மறித்துச் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள் யார் செய்தது என்று எழுத்தில் தாருங்கள். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள்."

அரியரத்தினம் மேலே வந்தார். உண்மையோ என்று அவர் கேட்கவில்லை.

"ஏனப்பா அப்பிடிச் செய்தனீர்?"

"நான் கணவாய் வாங்கி எத்தினை மாசம்? உங்கடை வயித்துக்குள்ளை போகாமல் எந்தக் கணவாய் ஜன்னலாலை போனது?"

"நாறுதே."

"இந்த ஊரிலை நாறுறதெல்லாம் எங்கடையோ?"

விறுவிறென்று கீழே இறங்கிப்போய்க் குந்தியிருந்து பார்த்தாள். கைகளை எண்ணினாள். ஐந்து. கணவாய்க்குப் பத்து. கண்ணில்லை, வாயில்லை. குச்சியால் குத்தினால் பஞ்சு மாதிரிப் பிய்ந்தது. பட்டைத் தூளைக் கிளறியபோது வெள்ளையாக, முட்டை போல நாலைந்து கிடைத்தன. ஒன்றைக் கத்தியால் பிளந்தாள். வழுவழுப்புக்குள் அதே சிவப்புக் கைகள் மடங்கிக் கிடந்தன. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இஞ்சருங்கோ, இது முளைக்கிற சாமான். காளான் சாதி," என்றாள் மேலே வந்து. "ஐஞ்சு கையோடை இந்தாள் எந்தக் கடலிலை கணவாய் பிடிச்சவராம்?"

"எங்கடை சொல்லை ஆர் கேக்கப் போறான்?" என்றார் அரியரத்தினம்.

திங்கட்கிழமைகளில் அவள் ஜெர்மன் படிக்கப் போகும் கட்டடத்தில், பக்கத்து அறையில் பூதக்கண்ணாடியோடு ஒரு அம்மா இருப்பாள். காட்டில் பிடுங்கிய காளான்களைக் கூடையில் கொண்டுவந்து, தின்னலாமா என்று அவளிடம் கேட்டுப் போவார்கள் வெள்ளைக்காரர்கள். தின்னுகிறதற்கும் அனுமதி கேட்கிற சனம் என்று சுந்தரேஸ்வரி அதுவரை பழித்த வரிசையில் அந்தத் திங்கட்கிழமை தானே போய் நின்றாள். ரோசாவடியில் பிடுங்கியதை அடைத்துக் கொண்டுபோன ஜாம் போத்தலைத் திறந்ததும் பின்னால் நின்ற பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள். காளான் அம்மாவுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. ஜெர்மன்காரர் இதற்கு வைத்த பெயரே கணவாய்க் காளான்தானாம். அவுஸ்திரேலியாப் பக்கத்துச் சரக்காம், மரப்பட்டை என்றால் அதற்குக் கொண்டாட்டமாம். பெயரை ஒரு துண்டில் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்திக் கொடுத்தாள்.

அந்தத் துண்டோடு சுந்தரேஸ்வரி நேரே பிரிங்மானின் கதவைத் தட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு கடதாசியை எடுத்து விரித்தார்.

அரியரத்தினத்தின் குண்டு குண்டான எழுத்து. கணவாயை ஜன்னலால் வீசியது என் மனைவி. எங்கள் நாட்டில் இது வழக்கம். இனிமேல் நடக்காது. பணிவுடன் மன்னிப்புக் கேட்கிறேன்.

"இன்று மதியம் தந்தார்," என்றார் பிரிங்மான். "காளான் என்றால் உன் புருஷன் ஏன் இதை எழுதினார்?" அவள் பதிலுக்கு ஜெர்மன் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, பாதிரியார் மாதிரி அவள் தோளைத் தட்டினார். "பரவாயில்லை. மன்னித்துவிட்டேன். வீட்டில் இருங்கள்."

அவள் படியேறி வந்த வேகத்தில் மரப்படி அதிர்ந்தது.

"எங்கடை நாட்டிலை கணவாயை ஜன்னலாலை எறியிறது வழக்கமோ?" முத்திரைத் துண்டை அவர் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். "நாளைக்குக் கொலை செய்தனீங்களோ எண்டு கேட்டாலும் கையெழுத்து வைப்பியளோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?"

அரியரத்தினம் தலையைத் தூக்கவில்லை.

"அகதி விசாரணையிலை அண்ணையைச் சுட்டதைச் சொன்னன். கடையை எரிச்சதைச் சொன்னன். இரண்டு தரமும் உண்மைதான் சொன்னன், ஒருத்தனும் நம்பேல்லை," என்றார். "இண்டைக்கு ஒரு பொய்யை எழுதிக் குடுத்தன். பின்னேரத்துக்குள்ளை நம்பிட்டான்."

ஊர் முழுவதையும் வாயால் கிழிக்கத் தெரிந்த சுந்தரேஸ்வரி முத்திரைத் துண்டை மேசையில் வைத்தாள். யார் மேல் என்று தெரியாத ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அவர் கதிரையை நகர்த்திப் போட்டார். அவள் இருந்தாள்.